கப்பல் பாதுகாப்புப் பயிற்சி மையம்: குளத்துக்கு முழு மார்க், வகுப்புக்குப் பாதி

கொல்லங்கோடு, நித்திரவிளை, தூத்தூர் பக்கத்தில் இருந்து கப்பல் வேலைக்குக் கிளம்பும் பையன்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லை தாண்டி கேரளப் பக்கம், டி.ஜி. ஷிப்பிங் (மத்திய அரசின் கப்பல் துறை இயக்ககம்) அங்கீகாரம் பெற்ற ஒரு பயிற்சி மையத்தில் என் சித்தப்பா மகன் எஸ்.டி.சி.டபிள்யூ. (மாலுமிப் பயிற்சிக்கான சர்வதேச விதி) அடிப்படைப் பயிற்சி படித்தான், அதே நேரத்தில் நானும் அங்கே ரெஃப்ரெஷர் முடித்தேன். கடலில் உயிர் பிழைப்பதற்கும் தீயணைப்புக்கும் 5 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்தாக வேண்டும் என்பது விதி. நல்லது கெட்டது இரண்டையும் சொல்லப் போவதால் மையத்தின் பெயரைப் போடவில்லை, ஆனால் எந்த மையத்துக்குப் போனாலும் பார்க்க வேண்டிய விஷயங்கள் இவைதான்.

முதலில் குளம். கண்ணை மூடிக்கொண்டு பாராட்டலாம். தண்ணீர் சுத்தம், ஆழம் போதும், மேலே இருந்து குதிக்க சரியான உயரத்தில் மேடை இருக்கிறது, முக்கியமாக யாரையும் கரையில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கி அனுப்பவில்லை. மீனவர் வீட்டுப் பையன்களுக்கு ஒரு எண்ணம் உண்டு, நமக்கு நீச்சல் தெரியும், கடல் தெரியும், இது எதற்கு என்று. என் தம்பியும் அப்படித்தான் போனான். லைஃப் ஜாக்கெட்டை ஒரு கையால் நெஞ்சோடு அழுத்தாமல் குதித்தால் அது மேலே எழும்பித் தாடையில் அடிக்கும் என்பதும், இன்னொரு கையால் மூக்கையும் வாயையும் பொத்த வேண்டும் என்பதும், கீழே பார்க்காமல் நேராகப் பார்த்து ஒரு அடி எடுத்துவைத்து இறங்க வேண்டும் என்பதும் வள்ளத்தில் வளர்ந்தவனுக்குத் தானாக வந்துவிடாது. ஜாக்கெட் போட்டால் வழக்கமான நீச்சலும் வராது, மல்லாந்துதான் நீந்த வேண்டும்.

லைஃப் ராஃப்ட்டை, அதாவது காற்று நிரம்பி விரியும் உயிர்காப்பு மிதவையை, நிமிர்த்துவதை ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் செய்யவைத்தார்கள். கவிழ்ந்து கிடக்கும் ராஃப்ட்டில் சிலிண்டர் இருக்கும் பக்கம் ஏறி நின்று, காற்று உதவுகிற மாதிரி பார்த்து, அடியில் இருக்கும் வாரைப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும். அது புரண்டு நம் மேலேயே விழும், அப்போது பதறாமல் மல்லாந்து வெளியே வர வேண்டும். அந்தப் பதற்றத்தை ஒரு தடவை குளத்தில் பட்டுவிட்டால் கடலில் பாதி பயம் போய்விடும். சரியாக வராதவர்களைத் திரும்பத் திரும்ப இறக்கினார்கள், திட்டவில்லை. இதற்கே அந்தப் பயிற்சியாளருக்கு என் நன்றி.

தீயணைப்புப் பகுதி பரவாயில்லை. புகை அறை உண்மையிலேயே இருட்டு, தவழ்ந்து போகவைக்கிறார்கள், காலைத் தேய்த்துத் தேய்த்து நகர்த்தவும் புறங்கையால் சுவரைத் தடவவும் கற்றுத் தருகிறார்கள். ஆனால் மூச்சுக் கருவி செட்டுகள் போதாது. ஒருவன் கழற்ற இன்னொருவன் மாட்ட என்று போனதில், கடைசியில் நின்ற பையன்கள் முகமூடியைப் போட்டு ஒரு சுற்று வந்ததோடு சரி. காற்று தீரப்போகிறது என்று அலாரம் அடிக்கும் சத்தத்தை அவர்கள் காதால் கேட்கவே இல்லை. அந்தச் சத்தம் கேட்டால் செய்கிற வேலையை விட்டுவிட்டு உடனே வெளியே வர வேண்டும் என்பது காகிதத்தில் படித்து மனதில் நிற்கிற விஷயம் இல்லை. முதலுதவி வகுப்பு நன்றாக இருந்தது, பொம்மையின் மேல் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்று கை ஓயும்வரை செய்யவைத்தார்கள்.

வகுப்பு மலையாளத்தில், நடுநடுவே ஆங்கிலம். நம் விளவங்கோடு பையன்களுக்குப் பிரச்சனை இல்லை, தூத்துக்குடி, ராமநாதபுரத்தில் இருந்து வந்தவர்கள்தான் திணறினார்கள். "அண்ணே, சார் இப்ப என்ன சொன்னாரு?" என்று என்னைத்தான் கேட்டார்கள். உயிர் சம்பந்தப்பட்ட பாடத்தைப் பக்கத்தில் இருப்பவனிடம் கேட்டுப் படிக்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது. எல்லையில் இருக்கும் மையம், தமிழ்ப் பையன்களிடமும் பணம் வாங்குகிறார்கள், ஒரு தமிழ் பயிற்சியாளரை வைக்கலாம்.

எம்.எஸ்.சி. எல்சா 3 பற்றி ஒரு வகுப்பு எடுத்தார்கள், அதுதான் எல்லாரும் அசையாமல் கேட்ட வகுப்பு. 2025 மே மாதம் விழிஞ்ஞத்தில் இருந்து கொச்சிக்குப் போன கப்பல், 24-ஆம் தேதி சாய்ந்து மறுநாள் மூழ்கியது. கப்பலில் இருந்த 24 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் மணிகள் குமரிக் கரை வரை ஒதுங்கியதை நம் ஊர் ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆள் இறங்க வேண்டிய நேரத்தில் ராஃப்ட் எங்கே இருக்கிறது, யார் எந்த இடத்தில் கூட வேண்டும் என்று தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குப் பையன்களுக்குப் புரிந்தது.

இனி என் பெரிய குறை. பி.எஸ்.எஸ்.ஆர். என்ற பாதுகாப்பு, சமூகப் பொறுப்பு வகுப்பை அவசர அவசரமாக ஓட்டிவிட்டார்கள். ஓய்வு நேர விதி ஒரே ஒரு ஸ்லைடில் வந்து போனது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு, 7 நாளில் குறைந்தது 77 மணி நேரம், அந்த 10 மணி நேரத்தையும் இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது, அதில் ஒரு துண்டு 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தூக்கம் இல்லாதவன்தான் கயிறு கட்டும் இடத்தில் தப்பான பக்கம் நிற்பான். பல கப்பலில் ஓய்வுத் தாளை இன்ஸ்பெக்ஷனுக்காக அழகாக நிரப்பிவைத்து, பையன்களிடம் கையெழுத்து மட்டும் வாங்குகிறார்கள். அந்தப் பதிவின் நகல் உனக்குக் கிடைக்க வேண்டும், கப்பலிலேயே புகார் கொடுக்கலாம், துறைமுகத்திலும் கொடுக்கலாம், இதெல்லாம் எம்.எல்.சி. என்ற கடல் தொழிலாளர் சர்வதேச ஒப்பந்தம் தந்த உரிமை என்று வகுப்பில் யாரும் சொல்லவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் நான்தான் தம்பிக்குச் சொன்னேன், சுற்றி இருந்த பையன்கள் நோட்டை எடுத்து எழுதினார்கள்.

அடைபட்ட இடத்துக்குள் இறங்குவதும் இதே கதைதான். நிலக்கரி, மரம் ஏற்றிய ஹோல்டில் (சரக்கு அறையில்) ஆக்சிஜன் குறைந்து போயிருக்கும், பார்த்தால் தெரியாது, மணமும் வராது. உள்ளே கூட்டாளி விழுந்துவிட்டான் என்று பாசத்தில் பின்னால் இறங்குபவனும் அங்கேயே விழுவான். முதலில் அலாரம், அப்புறம் மூச்சுக் கருவி, அது இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. 2 மாதத்துக்கு ஒரு தடவை இதற்கு ட்ரில் நடத்த வேண்டும் என்று 2015 முதல் சோலாஸ் என்ற சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் விதியே இருக்கிறது. இதற்கு ஒரு மாதிரித் தொட்டியைக் கட்டிப் பழக்கியிருக்கலாம், அவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது.

தங்குமிடம் சாதாரணம், கொசு உண்டு. மரச்சீனியும் மீன்கறியும் நன்றாக இருந்தது.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை தருவேன். இதைவிடக் குறைந்த பணத்துக்கு, குளத்தில் இறங்கவே வேண்டாம், சான்றிதழ் வீட்டுக்கு வரும் என்று சொல்லும் ஏஜென்ட்கள் நம் ஊரில் சுற்றுகிறார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவனும் அப்படித்தான். ஆர்.பி.எஸ்.எல். என்ற, மாலுமிகளை வேலைக்கு எடுத்து அனுப்புவதற்கான அரசு உரிமம் வைத்திருக்கும் கம்பெனி மாலுமியிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது.

சேரும் முன் போனில் இரண்டு கேள்வி கேளுங்கள்: மூச்சுக் கருவி எத்தனை செட் இருக்கிறது, ஒரு பேட்ச்சில் எத்தனை பேர். அப்புறம் சான்றிதழ் கைக்கு வந்த அன்றே இண்டோஸ் எண்ணை (மாலுமிக்கு டி.ஜி. ஷிப்பிங் தரும் அடையாள எண்) போட்டு, விவரம் டி.ஜி. ஷிப்பிங் தளத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஏறவில்லை என்றால் ஊருக்கு பஸ் ஏறும் முன்னே ஆபீஸில் உட்கார்ந்து ஏற்றச் சொல்லுங்கள்.