டண்ட்ரா பிரேக் மாற்றப் போகிறவர்கள் கவனத்திற்கு: பில்லில் இருந்த டிஸ்க் என் வண்டியில் இல்லை

பழைய எஸ்யூவிக்கு டொயோட்டா டண்ட்ரா போன்ற பெரிய பிக்அப் டிரக்கின் முன் பிரேக்கை மாட்டுவது புதிய வித்தை இல்லை. பலர் செய்து, நன்றாக ஓட்டிக்கொண்டும் இருக்கிறார்கள். யோசனையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்த வேலையில் பாதியை மட்டும் செய்துவிட்டு முழுக் காசையும் வாங்குவது மிகச் சுலபம். எனக்கு அதுதான் நடந்தது. பட்டறையின் பெயரைப் போடவில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. பெயரைவிட அவர்கள் செய்த விதம் தெரிந்தால்தான் மற்றவர்களுக்கு உதவும்.

என்னுடையது மூன்றாம் தலைமுறை டொயோட்டா ஃபோர்ரன்னர், 1996 முதல் 2002 வரை வந்த மாடல். முன்னால் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு), பின்னால் டிரம். வண்டி புதிதாக இருந்தபோது அந்த பிரேக் போதும். பெரிய டயர், மேலே கேரியர், பின்னால் சாமான், ஐந்து பேர் என்று ஆனபிறகு நீண்ட இறக்கங்களில் பெடல் கனக்க ஆரம்பிக்கும், எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு குறையும். சூடேறிய பிரேக்கின் சுபாவம் அது. இதற்கு எல்லாரும் சொல்லும் மருந்து டொயோட்டா டண்ட்ராவின் முன் பிரேக். காலிப்பர் என்பது பேட் எனும் உரசு கட்டைகளை டிஸ்க்கின் இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி. இரண்டு வண்டியிலும் காலிப்பருக்கு நான்கு பிஸ்டன், பிடிக்கும் இரண்டு போல்ட்டுகளின் இடைவெளியும் ஒன்றே. வெல்டிங் கிடையாது, அடாப்டர் கிடையாது, அப்படியே போல்ட் ஆகிவிடும்.

இந்த 'அப்படியே போல்ட் ஆகிவிடும்' என்பதில்தான் ஏமாற்ற இடம் இருக்கிறது. டண்ட்ராவின் பெரிய காலிப்பர் 28 மில்லிமீட்டர் தடிமனும் 319 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள டிஸ்க்குக்காகச் செய்தது. என் வண்டியின் சொந்த டிஸ்க் 22 மில்லிமீட்டர் தடிமன்தான், விட்டமும் குறைவு. அந்தப் பழைய டிஸ்க்கை மாற்றாமல் காலிப்பரை மட்டும் மாட்டினாலும் அது உட்காரும். சக்கரம் சுற்றும், பெடலை மிதித்தால் வண்டி நிற்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பளபளவென்று பெரிய காலிப்பர் தெரியும். வேறென்ன வேண்டும்?

பட்டறையில் பேசியது தெளிவாகத்தான் இருந்தது. காலிப்பர், டிஸ்க், பேட், ஹோஸ் எல்லாம் புதிதாக, முன்பக்கம் முழு செட். எழுதிக் கொடுத்த மதிப்பீட்டில் டிஸ்க்குக்குத் தனி வரி இருந்தது, பில்லிலும் இருந்தது. வண்டியை எடுக்கப் போனபோது பழைய பாகங்களைக் கேட்டேன். காலிப்பர் இரண்டையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். டிஸ்க்?

"அது ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார். வெயிட்டா இருக்கும், இடத்தை அடைக்கும்னு உடனே தூக்கிப் போட்டுடுவோம்."

காலிப்பரைப் பத்திரமாக எடுத்து வைத்தவர்களுக்கு டிஸ்க் மட்டும் எப்படி இடத்தை அடைத்தது என்று அப்போதே நெருடியது. அந்தக் கேள்வி முழுதாக உருவாவதற்குள் மேலாளர் வண்டியில் ஏறிவிட்டார், டெமோ காட்டப் போகிறாராம். பட்டறை வாசலிலேயே கொஞ்சம் வேகம் எடுத்து ஓங்கி மிதித்தார். டயர் கீச்சிட்டது, வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. "பாத்தீங்களா சார், எப்படி நிக்குதுன்னு!"

இந்த டெமோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் மயங்காதவர்கள் குறைவு. ஆறிய பிரேக்கில் ஒரே ஒருமுறை ஓங்கி மிதிக்கும்போது வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்புதான். டயர் கீச்சிடும் அளவுக்கோ சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உதறும் அளவுக்கோ பழைய பிரேக்கே பிடித்துக்கொண்டிருந்தது. அதற்குமேல் எவ்வளவு பெரிய பிரேக்கை வைத்தாலும் அந்த ஒரு நிறுத்தத்தில் வித்தியாசம் தெரியாது. பெரிய டிஸ்க் வாங்குவது வெப்பத்துக்காக. கணக்குப் போட்டுப் பாருங்கள். சாமானோடு 2 டன் வண்டி மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து நிற்கும்போது சுமார் 770 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. அதில் 70 சதவீதம் முன்பக்கம் போகிறது என்றும், முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 8 கிலோ இரும்பு என்றும் வைத்துக்கொண்டால், ஒரே நிறுத்தத்தில் டிஸ்க்கின் சூடு இருந்ததைவிட 70 டிகிரிக்கு மேல் கூடும். 500 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், காற்றும் எஞ்சினும் தாங்கிக்கொள்வதை விட்டுவிட்டால், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 12 முறைக்கும் மேல் நிறுத்திய வெப்பம் சேரும். அதை வாங்கி வைத்துக்கொள்வதும், நடுவிலுள்ள காற்று இடைவெளிகள் வழியே வெளியே தள்ளுவதும் டிஸ்க்கின் வேலை. காலிப்பர் பிடிப்பதோடு சரி. ஆக, இந்த மாற்றத்தில் நாம் காசு கொடுப்பதன் சாரமே அந்தத் தடித்த டிஸ்க்தான். அவர்கள் போடாமல் விட்டதும் அதையேதான்.

ஓட்ட ஆரம்பித்த சில நாட்களில் பெடல் முன்பைவிடத் தாழ்வாக இருப்பது தெரிந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். "பெரிய காலிப்பர்னா பெடல் கொஞ்சம் இறங்கத்தான் சார் செய்யும்" என்றார் மேலாளர். இது பொய் இல்லை, அதுதான் சங்கடம். பிஸ்டன் பெரிதானால் அதே அளவு நகர்த்த அதிக பிரேக் ஆயில் வேண்டும், பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டர் அதைத் தள்ள இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போக வேண்டும். பாதி உண்மையைச் சொல்பவரிடம் சண்டை போடுவது கஷ்டம். அதோடு அவர் விடவில்லை, பெரிய மாஸ்டர் சிலிண்டர் ஒன்று போட்டால் சரியாகிவிடும், அதையும் செய்து தருகிறோம் என்றார். முதல் வேலையில் ஏய்த்ததை வைத்தே இரண்டாவது வேலையையும் தலையில் கட்டப் பார்த்தார்கள்.

அப்புறம் ஒரு நீண்ட இறக்கத்தில் பேட் கருகும் வாடை வந்தது, ஸ்டீயரிங் நடுங்கியது. பழைய பிரேக்கில்கூட இவ்வளவு சீக்கிரம் நடுங்கியதில்லை. வண்டியை ஓரம்கட்டி ஆறவிட்டு, தாழ்ந்த கியரில் மெல்ல இறக்கி, பழக்கமான ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பட்டறைக்காரர்களிடம் திரும்பப் போகவில்லை.

அவர் முதலில் பிளீடர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தார். இடது வலது மாற்றி மாட்டினால் காற்று வெளியேறும் திருகு கீழே போய்விடும், என்னதான் ஏர் எடுத்தாலும் மேலே காற்று தங்கி பெடல் மெத்தென்றே இருக்கும். அது சரியாகத்தான் இருந்தது. அடுத்து டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகட்டுக் கவசத்தை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இதை யாருமே தொடலையே?"

"தொடணுமா அண்ணே?"

"319 டிஸ்க் உள்ளே போகணும்னா இந்தத் தகட்டை வெட்டணும், இல்லைன்னா வளைக்கணும். இது கம்பெனியிலேர்ந்து வந்தபடியே இருக்கு."

காலிப்பரைக் கழற்றியதும் மிச்சமெல்லாம் தெரிந்தது. காலிப்பரில் 13 டபிள்யூ எல் என்ற வார்ப்புக் குறி இருந்தது, அதாவது டண்ட்ராவின் பெரிய காலிப்பரேதான், அதில் கலப்படம் இல்லை. டிஸ்க் என்னுடைய பழைய டிஸ்க். லேத்தில் விட்டு முகத்தைக் கடைந்து, நடுப்பகுதிக்கு வெள்ளிநிறப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அதனால்தான் சக்கரக் கம்பிகளின் இடுக்கில் பார்த்தபோது புத்தம்புதிதாகத் தெரிந்திருக்கிறது. டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் 20 மில்லிமீட்டர் என்று பொறித்திருந்தது. மைக்ரோமீட்டர் வைத்தால் 19 சொச்சம். ஆக, இந்த டிஸ்க் என் வண்டியின் பழைய காலிப்பரோடு போட்டால்கூடக் கழித்துவிட வேண்டியது. ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்று சொன்ன டிஸ்க் என் வண்டியிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

பேட்டின் மேல்விளிம்பில் ஒரு கீற்று தேயவே இல்லை. காலிப்பர் பெரிய டிஸ்க்குக்கு ஏற்றபடி வெளிப்பக்கமாகத் தள்ளி நிற்கிறது, டிஸ்க்கோ அவ்வளவு தூரம் எட்டவில்லை, பேட்டின் மேற்பகுதி காற்றில் நின்றிருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பெரிய பேட்டில் ஒரு பங்கு எதையும் தொடவில்லை. தொட்ட பகுதி கூடுதலாகச் சூடேறி, சாய்வாகத் தேய ஆரம்பித்திருந்தது.

இதைவிட மோசமானது பிஸ்டன்கள். 28 மில்லிமீட்டருக்காகச் செய்த வாயில் 19 மில்லிமீட்டரை வைத்தால், ஒவ்வொரு பக்கமும் பிஸ்டன் 4 மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாக வெளியே வந்து நிற்க வேண்டும். பேட் புதிதாக இருக்கும்போதே இந்த நிலை. பேட் தேயத் தேய இன்னும் வெளியே வரும். ரப்பர் தூசிமறைப்பு இழுபட்டு விறைத்திருந்தது. பேட் கடைசிவரை தேயும்போது பிஸ்டன், ஆயிலைக் கசியவிடாமல் பிடிக்கும் ரப்பர் வளையமான சீலைத் தாண்டிவிட்டால் ஆயில் முழுவதும் அங்கே கொட்டிவிடும், முன்பக்க பிரேக் போய்விடும். மிச்சம் பின்னால் இருக்கும் இரண்டு டிரம். அது நடப்பது, பேட் நன்றாகத் தேய்ந்து, வண்டி நிறைய சாமானோடு, பெடலை ஓங்கி மிதிக்கிற நேரத்தில்தான்.

ஹோஸும் புதிதில்லை. பழைய இரும்புக் குழாயை வளைத்து நெளித்து எட்டவைத்திருந்தார்கள். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பினால் இழுபட்டது.

படங்களோடு பட்டறைக்குப் போனேன். முதலில் டிஸ்க் போட்டோம் என்றார்கள். அளவைக் காட்டியதும், பில்லில் எழுதியிருப்பது 'டிஸ்க் வேலை', புது டிஸ்க் என்று எங்கே இருக்கிறது என்றார்கள். மதிப்பீட்டுத் தாளை எடுத்து நீட்டியதும் பேச்சு மாறியது. டிஸ்க்கின் விலையை நான் மறுபடி கொடுத்தால் கூலி வாங்காமல் மாட்டித் தருவார்களாம். இல்லையென்றால் கூலிப் பணத்தைத் திருப்பித் தருவார்களாம், ஆனால் இதைப் பற்றி எங்கும் எழுதக்கூடாதாம். இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. முழுத் தொகையையும் கேட்டு எழுத்தில் கொடுத்திருக்கிறேன், அந்த மெக்கானிக்கும் தான் எடுத்த அளவுகளை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார்.

இந்த வேலையைச் செய்யக் கொடுக்கிறவர்கள், டிஸ்க்கின் பாக எண்ணும் தடிமனும் பில்லில் வரும்படி கேளுங்கள். 'டிஸ்க் செட்' என்று மொட்டையாக எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கழற்றும் பழைய டிஸ்க் இரண்டும் திரும்ப வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், சொன்ன நொடியே முகத்தில் தெரிந்துவிடும். டண்ட்ராவில் சிறிய காலிப்பர், பெரிய காலிப்பர் என்று இரண்டு வகை உண்டு. முதல் சில வருடங்களில் வந்த டண்ட்ராவில் இருப்பது சிறியது. எது உங்களுக்கு வருகிறது, அதற்குரிய பேட்தான் வருகிறதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய காலிப்பர் எல்லா 16 அங்குல ரிம்மிலும் இடிக்காமல் அடங்காது. வேலைக்குக் கொடுக்கும் முன்பே உங்கள் ரிம்மை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பிறகு காலிப்பரை அரத்தால் தேய்த்துச் சமாளிக்கப் பார்ப்பார்கள்.

பிரேக் ஆயிலும் முழுதாக மாற வேண்டும். டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் தர வகைகள். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறியபிறகு அந்தக் குறைந்தபட்ச அளவு 140. டாட் 4 என்றால் 230, 155. பல வருடம் ஊறிய ஆயிலை வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும், இறக்கத்தில் ஆயில் கொதித்தால் பெடல் தரையைத் தொட்டுவிடும்.

ஏற்கெனவே இந்த மாற்றத்தைச் செய்தவர்கள் இப்போதே ஒரு சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். தகட்டுக் கவசம் வெட்டப்படாமலோ வளைக்கப்படாமலோ இருந்தால் சந்தேகப்படுங்கள். பேட்டின் மேல்விளிம்பு டிஸ்க்கின் விளிம்பைத் தாண்டி நிற்கிறதா என்று பாருங்கள். தடிமனை அளக்கும்போது வெர்னியரை விளிம்போடு வைக்காதீர்கள், தேயாத துருப்பிடித்த விளிம்பு கூடுதல் அளவைக் காட்டும். உள்ளே தள்ளி, பேட் உரசும் இடத்தில் அளக்க வேண்டும். 26க்குக் கீழே இருந்தால் அது தேய்ந்துபோன பெரிய டிஸ்க். 22 அல்லது அதற்கும் கீழே என்றால் அது உங்கள் பழைய டிஸ்க், வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு டிஸ்க்கை வரவழையுங்கள். பிஸ்டன் அவ்வளவு தூரம் வெளியே வந்திருந்த காலிப்பராக இருந்தால், புது டிஸ்க் மாட்டும் முன் கழற்றிச் சுத்தம் செய்து, சீலும் தூசிமறைப்பும் புதிதாகப் போட்டுவிடுங்கள். வெளியே நின்ற பகுதியில் துருவும் அழுக்கும் ஏறியிருந்தால், பிஸ்டனை அப்படியே உள்ளே தள்ளும்போது சீல் கிழியும். என்னுடையதில் நான்கு பிஸ்டன்களை மாற்ற வேண்டியிருந்தது, அந்தச் செலவையும் பட்டறைக்கு அனுப்பிய கணக்கில் சேர்த்திருக்கிறேன்.