சிங்கமா, யானையா, பொன்மானா?

இரக்கத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் படக்கதை தேடினால் முதலில் கைக்கு வருவது ஈசாப்பின் சிங்கமும் எலியும்தான். அதில் ஜெர்ரி பிங்க்னி வரைந்த புத்தகத்தை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அமெரிக்காவில் சிறந்த படக்கதைக்குக் கொடுக்கும் கால்டெகாட் பதக்கத்தை 2010-இல் பெற்றது. முன்னட்டை முழுக்கச் சிங்கத்தின் முகம், தலைப்புகூடக் கிடையாது. உள்ளே ஆந்தையின் அலறல், எலியின் கீச்சொலி என்று சத்தங்கள் மட்டும்தான் எழுத்தில் இருக்கும். எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தையும் தானே கதை சொல்லலாம்.

ஆனால் மூலக்கதையில் சிங்கம் எலியை விடுவது இரக்கப்பட்டு அல்ல. 'நீயா எனக்கு உதவப் போகிறாய்?' என்று சிரிப்பு வந்துதான் விடுகிறது. பிங்க்னியின் படங்களில் பேச்சே இல்லாததால் அந்த ஏளனம் கழன்றுவிடுகிறது. ஏன் விட்டது என்பதைச் சிங்கத்தின் முகத்தைப் பார்த்துக் குழந்தையே முடிவு செய்யும்.

பஞ்சதந்திரத்தின் யானைகளும் எலிகளும் கதையிலும் கடைசியில் சிக்கிக்கொண்ட யானைகளை எலிகள்தான் கயிற்றைக் கடித்துக் காப்பாற்றுகின்றன. தொடக்கம்தான் வேறு. ஏரிக்குத் தண்ணீர் குடிக்கப் போகும் யானைகளின் காலடியில் எலிகள் நசுங்குகின்றன. மிஞ்சியவை போய் முறையிட, யானைத் தலைவன் வேறு வழியாகப் போக ஒப்புக்கொள்கிறான். தெரியாமல் செய்ததுதான், இருந்தாலும் சொன்னதும் காதுகொடுத்துக் கேட்டு, சுற்றுவழியில் நடக்கிறான். சிங்கத்துக்கு ஒரு வாய் உணவுதான் போயிற்று. இவனுக்கோ தினமும் கால் வலி! என் ஓட்டு யானைக்குத்தான். வீட்டில் தம்பி தங்கையை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுகிற அண்ணன்மாருக்கு இதைவிடப் பொருத்தமான கதை இல்லை. நசுங்கிய வளைகளைக் காட்டாமல் சிரிக்கும் யானையோடு தொடங்கும் பதிப்பை மட்டும் வாங்க வேண்டாம். எலிகள் எதற்குக் கெஞ்சுகின்றன என்பதே புரியாது.

மூன்றாவது, புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் வரும் ருரு என்ற பொன்மான். இது கொஞ்சம் கனமானது, ஏழெட்டு வயதுக்கு மேல் கொடுக்கலாம். கடன்காரர்களிடமிருந்து தப்பக் கங்கையில் குதித்தவனை மான் முதுகில் ஏற்றிக் கரைசேர்க்கிறது. அவனோ பரிசுக்கு ஆசைப்பட்டு அதன் இருப்பிடத்தை அரசனிடம் காட்டிக்கொடுக்கிறான். விஷயம் தெரிந்து அரசன் அவன் பக்கம் அம்பைத் திருப்ப, மான் தடுக்கிறது. சொன்ன பரிசையும் கொடுத்து அனுப்பச் சொல்கிறது. மற்ற இரண்டிலும் செய்த உதவி திரும்பி வருகிறது, இதில் துரோகம்தான் வருகிறது. அதனால் குழந்தை கேள்வி கேட்டே தீரும். பதிலை யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.

படமாகவும் இது ரொம்பப் பழசு. மத்தியப் பிரதேசத்தின் பார்ஹுத் என்ற ஊரில் இருந்த புத்த ஸ்தூபியின் கி.மு. 2-ஆம் நூற்றாண்டுச் சிற்பம் ஒன்றில், ஒரே வட்டத்துக்குள் ஆற்றைக் கடக்கும் மான், வில்லேந்திய அரசன், கைகூப்பிய அரசன் என்று மூன்று கட்டங்களையும் தடுப்புக் கோடு இல்லாமல் செதுக்கியிருக்கிறார்கள். கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

பொன்மான் புத்தகம் வாங்குவதாக இருந்தால் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். காட்டிக்கொடுத்தவன் தண்டனை வாங்கிக் கதை முடிந்தால், அதை அலமாரியிலேயே வைத்துவிடலாம்.