அலைனர் ரெண்டரை வருஷ அனுபவம்: கடைசி ட்ரேக்கு அப்புறம் என்னன்னு கேக்காம பணம் கட்டிட்டேன்

அலைனர்னா கம்பி கிளிப்புக்கு பதிலா பல்ல வரிசைப்படுத்த கழட்டி மாட்டுற பிளாஸ்டிக் உறை, ஒவ்வொரு உறைக்கும் ட்ரேனு பேரு. முந்தாநாள் காலைல ரீடெய்னர (வரிசையான பல்லு திரும்ப நகராம இருக்க ராத்திரி போடுற உறை) கழட்டும்போது டப்புனு ஒரு சத்தம், கடைவாய்ப் பக்கமா விரிசல் விட்டு ரெண்டு துண்டா கைல வந்துடுச்சு. கிளினிக்குக்கு போன் பண்ணா புதுசா ஸ்கேன் எடுக்கணும், அதுக்கு தனி சார்ஜ், ரீடெய்னருக்கு தனி சார்ஜ்னு சொல்றாங்க. அன்னைக்கு சாயங்காலமே என் ஃப்ரெண்ட் ஒருத்தி மெசேஜ் பண்றா, "நானும் அலைனர் போடப் போறேன்டி, ஆஃபர் இந்த மாசத்தோட முடியுதாம், உனக்கு எப்படி இருந்துச்சு?"ன்னு. அவளுக்கு பதில் அடிக்க ஆரம்பிச்சது பெருசா போயிடுச்சு, வேற யாருக்காவது பிரயோஜனப்படட்டும்னு இங்கயும் போடுறேன்.

என் கேஸ் பெரிய கேஸ் எல்லாம் இல்ல. கீழ் வரிசை முன்பல்லு நெருக்கியடிச்சு நிக்கும், மேல இடது பக்க கோரைப்பல் கொஞ்சம் திரும்பி வெளிய தள்ளிட்டு இருக்கும், அவ்வளவுதான். முதல் நாள் வாய்க்குள்ள சின்ன கேமரா விட்டு ஸ்கேன் எடுத்தாங்க, கொஞ்ச நாள்ல கம்ப்யூட்டர்ல ஒரு வீடியோ காட்டினாங்க. என் பல்லுதான், ஒவ்வொன்னா நகர்ந்து திரும்பி அரை நிமிஷத்துல வரிசையா நிக்குது. மொத்தம் 26 ட்ரே, ஒவ்வொன்னும் 10 நாள், ஒன்பது மாசத்துல முடிஞ்சிடும்னாங்க. அந்த வீடியோவ பாத்ததும் எனக்கு வேற எதுவுமே கேக்கத் தோணல. பாதிப் பணம் அங்கயே கட்டிட்டு மீதிய 12 மாச இஎம்ஐயா போட்டுட்டு வந்துட்டேன்.

அந்த வீடியோ ஒரு திட்டம்தான், உங்க பல்லு அப்படியே கேக்கும்னு யாரும் எழுதிக் குடுக்கல. ஒரு ட்ரே சுமாரா 0.25 மில்லிமீட்டர்தான் பல்ல நகர்த்தும், அழுத்தம் விழுற பக்கம் எலும்பு கரையணும், மறுபக்கம் புது எலும்பு வளரணும், அதுக்கு உடம்பு எடுத்துக்கிற நேரத்த கம்ப்யூட்டர் முடிவு பண்ண முடியாது. அதுலயும் கோரைப்பல் மாதிரி உருண்டையா இருக்கிற பல்ல திருப்புறதுதான் அலைனருக்கு ரொம்ப கஷ்டமான வேலை, பிளாஸ்டிக்குக்கு பிடிமானம் கிடைக்காம வழுக்கும். அதுக்குத்தான் பல்லு மேல பல் நிறத்துலயே சின்ன மேடு ஒட்டுவாங்க, அட்டாச்மென்ட்னு பேரு.

12ஆவது ட்ரே போட்ட அன்னைக்கு கண்ணாடில பாத்தேன். மத்த பல்லுல எல்லாம் பிளாஸ்டிக் தோலு மாதிரி ஒட்டி உக்காந்திருக்கு, கோரைப்பல் நுனில மட்டும் பிறை மாதிரி ஒரு வெள்ளை இடைவெளி, அதாவது அந்தப் பல்லு மட்டும் திட்டப்படி நகரல. மென்மையான ரப்பர் உருளை ஒன்னு குடுத்திருந்தாங்க, அத கடிச்சு கடிச்சு தாடை வலிச்சதுதான் மிச்சம், அந்த பிறை போகல. 14ல இன்னும் பெருசாச்சு, 17ல நகக்கண் அளவுக்கு வந்துடுச்சு. கேட்டப்போ "போட்டுக்கிட்டே வாங்க, பின்னாடி சரி பண்ணிக்கலாம்"னு சொன்னாங்க. அந்த "பின்னாடி"க்கு பேரு ரிஃபைன்மென்ட், அதாவது திரும்ப ஸ்கேன் எடுத்து புது செட் ட்ரே செய்யிறது.

நியாயத்துக்கு இதையும் சொல்லணும், என் பக்கமும் தப்பு உண்டு. அந்த பல்லுல இருந்த அட்டாச்மென்ட் ரெண்டு தடவ விழுந்துச்சு, ஒரு தடவ நாலு நாள் கழிச்சுதான் கவனிச்சேன். 22 மணி நேரம் போடணும்னு சொன்னாங்க, கல்யாணம் விசேஷம்னு போன நாள்ல 16 மணி நேரம்கூட போட்டிருக்க மாட்டேன். அதுக்கு நான் டாக்டர கொற சொல்ல மாட்டேன், கை சுத்தம், பொறுமை, பல்லுக்கு நடுவுல இழைச்சு இடம் பண்ணும்போதுகூட (அந்த சரசர சத்தம் கேட்டு நான் பயந்ததுக்கு அளவே இல்ல) துளி வலி தெரியாம பண்ணாங்க.

ஆனா பணம்னு வரும்போது எல்லாம் வேற மாதிரி ஆகுது. 26 ட்ரே முடிஞ்சுது, பல்லு முடியல. முதல் ரிஃபைன்மென்ட் இலவசம், 14 ட்ரே வந்துச்சு, ட்ரே வர்றதுக்கே மூணு வாரத்துக்கு மேல பழைய ட்ரேய போட்டுக்கிட்டு காத்துக்கிட்டு இருந்தேன். அதுலயும் பல்லு முக்கால்வாசிதான் திரும்புச்சு. ரெண்டாவது ரிஃபைன்மென்ட்டுக்கு காசுன்னாங்க. எங்க எழுதியிருக்குன்னு கேட்டா, நான் கையெழுத்து போட்ட பேப்பர்லயே பின் பக்கத்துல இருக்கு, "ஒரு ரிஃபைன்மென்ட் வரை"னு பொடி எழுத்துல. இஎம்ஐ முடிஞ்ச மாசம் நான் இன்னும் ரெண்டாவது செட் ட்ரேல இருக்கேன், அதுக்கடுத்து ஒன்பது ட்ரேக்கு புதுசா பணம். ஆக மொத்தம் 49 ட்ரே, ஒன்றரை வருஷம்.

அதக்கூட விட்டுடுவேன். பல்லு அடம்புடிச்சா டாக்டர் என்ன பண்ணுவாங்க. என்னால தாங்கிக்க முடியாதது இந்த ரீடெய்னர் விஷயம்தான். கடைசி நாள், அட்டாச்மென்ட் எல்லாம் தேய்ச்சு எடுத்து, கண்ணாடி குடுத்து பாக்கச் சொல்லி, நானும் கண் கலங்கி நிக்கும்போது ரிசப்ஷன்ல பில் நீட்டுறாங்க, ரீடெய்னர் பேக்கேஜ்ல இல்லையாம். திருப்பின பல்லுதான் பழைய இடத்துக்கே திரும்பப் போக ரொம்ப அலையும், ஈறுல இருக்கிற நார் முறுக்கின கயிறு மாதிரி இழுத்துக்கிட்டே இருக்கும், அது அடங்க மாசக்கணக்காகும். அதனால ரீடெய்னர் போடலன்னா அதுவரைக்கும் பண்ணது அத்தனையும் வீண். வருஷக்கணக்குல ராத்திரி போட்டே ஆகணும். அப்போ அதுவும் ட்ரீட்மென்ட்தானே, அத எப்படி தனியா விக்கலாம்? வீட்டுக்கு கதவு செஞ்சு குடுத்துட்டு தாழ்ப்பாளுக்கு தனியா காசு கேக்குற மாதிரி இருக்கு.

எந்த கம்பெனி நல்லதுன்னு எல்லாரும் கேக்குறாங்க. இன்விசலைன்ங்கிற பிரபல அலைனர் பிராண்ட செய்யிற கம்பெனி ஆரம்பிச்சது 1997ல, அவங்களோட முக்கியமான காப்புரிமை எல்லாம் 2017லேர்ந்து முடிய ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் இத்தனை பிராண்டு, இத்தனை விலை. என்னக் கேட்டா பிளாஸ்டிக் யாருதுங்கிறதவிட திட்டம் போட்டு, மாசா மாசம் வாய திறந்து பாக்குற ஆர்த்தோடான்டிஸ்ட் (பல் வரிசைய சரி பண்ற டாக்டர்) யாருங்கிறதுதான் முக்கியம். அமெரிக்கால ஸ்மைல்டைரக்ட்கிளப்னு டாக்டர நேர்ல பாக்காமலே தபால்ல ட்ரே அனுப்புன கம்பெனி 2023 டிசம்பர்ல திடீர்னு மூடிடுச்சு, பாதி ட்ரீட்மென்ட்ல இருந்தவங்களுக்கு சிகிச்சை நின்னு போச்சு, ஆனா தவணைய மட்டும் தொடர்ந்து கட்டுங்கன்னு சொன்னாங்க. அத படிச்சப்போ என் இஎம்ஐ ஞாபகம்தான் வந்துச்சு. கடன் பேங்க்கோட, சிகிச்சை கிளினிக்கோட, ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிறது நாமதான்.

இவ்வளவு திட்டியும் ஒன்னு சொல்லாம இருக்க முடியல. போன மாசம் மெஷின்ல தைச்சுக்கிட்டு இருக்கும்போது கத்திரி கைக்கு எட்டல, நூல முன்பல்லுல வெச்சு கடிச்சேன், டக்குன்னு அறுந்துடுச்சு. சின்ன வயசுலேர்ந்து எனக்கு அது முடியாது, மேல் பல்லும் கீழ் பல்லும் சரியா சேராது, நூல் நழுவிடும். அம்மா எப்பவும் அப்படித்தான் அறுப்பாங்க. பல்லுக்கு அது நல்லதில்லதான், ஆனாலும் அன்னைக்கு நான் தேவையே இல்லாம இன்னும் மூணு நூல் அறுத்தேன். கீழ்ப்பல்லு இடுக்குல இப்போ ஃப்ளாஸ் நூல் நிக்காம போயிட்டு வருது, ஈறுல ரத்தம் வர்றது சுத்தமா நின்னு போச்சு. ரெண்டு வருஷமா போட்டோல வாய மூடிக்கிட்டு நின்னது இல்ல.

சரி, போடலாமான்னு கேட்டா? எனக்கு இன்னைக்கு இருக்கிற மனசுல, கோரைப்பல் திரும்பியிருக்கிறவங்க பேசாம கம்பி கிளிப்பே போட்டுக்கோங்கன்னுதான் சொல்வேன். அடுத்த வாரம் கேட்டா வேற சொல்லுவேனோ என்னமோ. இப்போதைக்கு கடைசி ட்ரேய தூக்கிப் போடாம டப்பாலயே வெச்சிருந்தது புண்ணியம், அத மாட்டிக்கிட்டுதான் தூங்குறேன், ரெண்டு நாள் விட்டதுக்கே பல்ல இறுக்கிப் பிடிக்குது.

என் ஃப்ரெண்டுக்கு கடைசியா அனுப்பினது இதுதான்: "நாளைக்கு பணம் கட்டாதடி. ரிஃபைன்மென்ட் எத்தன தடவ, எத்தன வருஷத்துக்குள்ள, ரீடெய்னர் எத்தன ஜோடி, அட்டாச்மென்ட் விழுந்தா ஒட்ட காசா, டாக்டர் மாறினா என் ஃபைல் யார் பாப்பாங்க, இது அஞ்சையும் பேப்பர்ல எழுதி வாங்கு. எழுதித் தரலன்னா ஆஃபர் போனா போகட்டும். பின் பக்கத்தையும் சேர்த்து போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு."