செல்லூர் டீக்கடையில் ஒரு ஜப்பான் கால்பந்துப் பருவம்

மதுரை செல்லூரில், கபடி ரவுண்டானாவிலிருந்து பொடிநடையாகப் போகும் தொலைவில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு டீக்கடை இருக்கிறது. கபடி வீரர்களுக்குச் சிலை வைத்திருக்கும் இந்தப் பகுதியில், ஜப்பானின் முதல்நிலைத் தொழில்முறைக் கால்பந்து லீக்கான ஜே1 ஆட்டங்களை 2024 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை விடாமல் காட்டிய கடை அது. இணையத்தில் நேரலை கிடைத்த ஆட்டங்கள் நேரலையாகவும், கிடைக்காதவை சுருக்கத் தொகுப்பாகவும் ஓடின. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் நான், பெரும்பாலான சனி, ஞாயிறுகளை அந்தக் கடை பெஞ்சில் கழித்தவன் என்ற உரிமையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில் நேரத்தைச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய லீக் ஆட்டங்களைப் பார்க்க விரும்பும் என் மாணவர்கள் பலநாள் நள்ளிரவு தாண்டிக் கண்விழித்து, மறுநாள் காலை மைதானத்தில் தூங்கி வழிவார்கள். ஜப்பானின் கடிகாரம் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே காலை பத்தரைக்கும், இரவு ஏழு மணி ஆட்டம் இங்கே பிற்பகல் மூன்றரைக்கும் வந்துவிடுகிறது. இரண்டுமே டீக்கடைக்குப் பொருந்திய பொழுதுகள். பிள்ளைகளை வீட்டில் சொல்லிக்கொண்டு அழைத்துவரக்கூடிய பொழுதுகள்.

கடைக்காரர் அறுபதை நெருங்குபவர், இளமையில் கபடி ஆடியவர். மகன் கோபே நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பதால்தான் அவருக்கு இந்த லீக் அறிமுகமாயிற்று. விலைப்பட்டியல் எழுதிய கரும்பலகையின் வலது பாதியை அழித்து, இருபது அணிகளின் பெயர்களையும் சாக்பீஸால் தமிழில் எழுதி, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் புள்ளிகளைத் திருத்திவைப்பார். விசெல் கோபே, சான்ஃப்ரெச்சே ஹிரோஷிமா, மச்சிடா ஸெல்வியா என்ற பெயர்கள் டீ 12, பருத்திப்பால் 20 என்ற எழுத்துகளுக்குப் பக்கத்திலேயே பத்து மாதங்கள் இருந்தன. இந்தக் கடையின் முதல் தகுதியாக நான் கருதுவது தொலைக்காட்சியை விட அந்தப் பலகையைத்தான். 20 அணிகள், 38 சுற்றுகள், 380 ஆட்டங்கள் கொண்ட நீண்ட பருவத்தில், வென்றால் மூன்று புள்ளி, சமன் என்றால் ஒன்று என்ற கணக்கு வாரந்தோறும் எப்படிச் சேர்ந்து எப்படிக் கரைகிறது என்பதை, அழித்து எழுதிய அந்தச் சாக்பீஸ் தடத்திலேதான் என் மாணவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

தொடக்க வாரமே எங்களை உட்காரவைத்துவிட்டது. 1993 மே 15 அன்று ஜே லீக்கின் முதல் ஆட்டமே வெர்டி அணிக்கும் யோகோஹாமா மரினோஸ் அணிக்கும் தோக்கியோ தேசிய மைதானத்தில் நடந்தது. மரினோஸ் 2-1 என்று வென்றது. வெர்டி பிறகு சரிந்து கீழ்நிலைக்கு இறங்கி, இறங்கிய பதினாறு ஆண்டுகளுக்குப் பின் 2024-ல்தான் முதல்நிலைக்குத் திரும்பியது. திரும்பி வந்த முதல் வாரத்திலேயே தேசிய மைதானத்தில் அதே மரினோஸுடன் மோதி, முதலில் கோல் அடித்து முன்னிலையும் பெற்று, ஆட்டம் முடியும் தறுவாயில் இரண்டு கோல்களை வாங்கி, அதே 2-1 கணக்கில் தோற்றது. முப்பத்தோரு ஆண்டு இடைவெளியில் அதே கணக்கு திரும்பி வந்ததைக் கடைக்காரர் மகன் சொல்லக் கேட்டு எங்களுக்குச் சொன்னபோது, கடையில் யாரும் சிறிது நேரம் டீ கேட்கவில்லை. அந்த வெர்டி பருவ முடிவில் ஆறாவது இடத்தைப் பிடித்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

குறைகளும் உண்டு. தொலைக்காட்சி கிழக்குச் சுவரில் மாட்டப்பட்டிருப்பதால், மூன்றரை மணி ஆட்டத்தின் முதல் பாதி முழுவதும் மேற்கு வெயில் திரையில் விழுந்து, வெள்ளைச் சட்டை அணிந்த அணியைப் புல்வெளியிலிருந்து பிரித்துப் பார்ப்பதே கடினமாகிறது. ஒரு சாக்குப் படுதா கட்டினால் தீரக்கூடிய இந்தக் குறையை நான் மூன்று முறை சொல்லியும் இன்னும் தீரவில்லை. ஒரே ஒரு மின்விசிறிதான், அதுவும் அடுப்புப் பக்கம் திரும்பியிருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஐபிஎல் கிரிக்கெட்டின் பகல் ஆட்டங்களும் அதே மூன்றரை மணிக்கே தொடங்குவதால், அந்த வாரங்களில் ஜப்பான் ஆட்டத்துக்குக் காலைப்பொழுது மட்டுமே கிடைத்தது. பெரும்பான்மை வாடிக்கையாளர்களின் விருப்பத்தைக் கடைக்காரர் மீற முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பகல் வேளைகளில் பலகையிலாவது முடிவுகளை உடனுக்குடன் எழுதியிருக்கலாம்.

சித்திரைத் திருவிழாவின் போது திருக்கல்யாணம், தேரோட்டம், அழகர் ஆற்றில் இறங்குதல் என்று வைகைக் கரையே நிறைந்திருந்ததால், அந்த வாரம் கடையில் நீர்மோர்ப் பானை மட்டும்தான். அக்டோபர் 25 அன்று கொட்டித்தீர்த்த மழையில் செல்லூர்ப் பகுதிக்குள் தண்ணீர் புகுந்து, கடையும் சில நாள் மூடிக்கிடந்தது. திறந்தபோது பலகையின் கீழ்வரிகள் ஈரத்தில் அழிந்திருந்தன. கடைக்காரர் நோட்டைப் பார்த்து மறுபடியும் எழுதினார்.

இந்தப் பருவத்தில் எனக்கு மிக நெருக்கமாகிப்போனது மச்சிடா ஸெல்வியாவின் கதை. தோக்கியோவின் புறநகரான மச்சிடாவைச் சேர்ந்த அந்த அணிக்கு முதல்நிலையில் அதுவே முதல் ஆண்டு. பயிற்சியாளர் குரோதா கோ, அவோமோரி யமதா உயர்நிலைப் பள்ளி அணியைக் கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பயிற்றுவித்தவர். பள்ளி மைதானத்திலிருந்து நேராகத் தொழில்முறை அணிக்கு வந்து, 2023-ல் இரண்டாம் நிலை லீக்கை வென்று, மறு ஆண்டே முதல்நிலையில் நெடுநாள் முதலிடத்தில் நின்று, கடைசியில் மூன்றாவது இடத்தைப் பெற்றார். அந்தப் பருவத்தில் மிகக் குறைவான கோல்களை, 34 மட்டுமே, வாங்கிய அணியும் அதுதான். எல்லைக்கோட்டிலிருந்து கோல் முகப்பு வரை பந்தை நீளமாக எறியும் அவர்களுடைய த்ரோவை அழகற்றது என்று குறைசொன்னவர்கள் ஜப்பானிலும் உண்டு, எங்கள் பெஞ்சிலும் உண்டு. கடைக்காரர் மட்டும் ஒப்பவில்லை. “சார், ஏறி வர்றவனை மடக்கிப் பிடிக்கிறதும் ஆட்டம்தானே? பிடிக்கத் தெரியாதவன்தான் பிடிகாரனைக் குறை சொல்லுவான்” என்றார். கபடியில் பிடிகாரராக இருந்தவரிடமிருந்து வந்த அந்தச் சொல்லுக்குப் பிறகு, என் மாணவர்கள் தடுப்பாட்டத்தைப் பார்க்கும் பார்வையே மாறியது. ஒரு பள்ளி ஆசிரியர் அந்த உயரத்துக்குப் போக முடியும் என்பதை நான் ஒவ்வொரு வாரமும் அந்தப் பலகையில் படித்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

பலகையின் அடிப்பகுதி வேறு கதை சொல்லியது. சாகா மாகாணத்தில் ஏறத்தாழ 74,000 பேர் வாழும் தோசு என்ற சிற்றூரின் சாகன் தோசு அணி, 2012 முதல் விடாமல் முதல்நிலையில் தாக்குப்பிடித்த பின், அக்டோபரிலேயே இரண்டாம் நிலை லீக்குக்கு இறக்கப்படுவது உறுதியாயிற்று. ஸ்பெயினின் புகழ்பெற்ற கால்பந்து வீரர் ஃபெர்னாந்தோ தோரெஸ் தன் கடைசி ஆட்டத்தை ஆடியது அந்த ஊர் அணிக்காகத்தான். மதுரை மாநகராட்சியின் சில வார்டுகளைச் சேர்த்தால் வந்துவிடும் மக்கள்தொகை கொண்ட ஊர், பதின்மூன்று பருவங்கள் நாட்டின் உச்சியில் நின்றதை நினைத்தபோது, இறங்கியதற்கு வருந்துவதை விட நின்றதற்கு வியப்பதே சரி என்று தோன்றியது.

கடைசி நாள், டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. கோபே 69, ஹிரோஷிமா 68, மச்சிடா 66 என்று பலகையில் இருக்க, காலை பத்தரைக்கு எல்லா ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கின. தொலைக்காட்சியில் ஓர் ஆட்டம், என் கைப்பேசியிலும் ஒரு மாணவனின் கைப்பேசியிலும் மற்ற இரண்டு. கோபே ஷோனான் பெல்மாரேக்கு எதிராக மியாஷிரோ, முத்தோ, ஓகிஹாரா ஆகியோரின் கோல்களால் 3-0 என்று வென்று, 72 புள்ளிகளுடன் தொடர்ந்து இரண்டாம் ஆண்டாகப் பட்டத்தைப் பிடித்தது. ஹிரோஷிமா காம்பா ஒசாக்காவிடமும், மச்சிடா காஷிமா ஆன்ட்லர்ஸிடமும் 3-1 என்று தோற்றன. சில நாள் முன்பு, லீக்கிலிருந்து தனியாக நடக்கும் நாடளாவிய போட்டியான பேரரசர் கோப்பையையும் வென்றிருந்த கோபேக்கு அது இரட்டை வெற்றி. ஆண்டின் சிறந்த வீரர் விருதும் அதன் முத்தோவுக்கே கிடைத்தது. கோபே அணி தன் வரலாற்றின் முதல் பயிற்சிக்குக் கூடவேண்டிய நாள் 1995 ஜனவரி 17; அன்று விடியற்காலையில்தான் பெரும் நிலநடுக்கம் அந்நகரத்தைச் சிதைத்தது. இறுதி விசில் ஊதியதும் கடைக்காரர் மகனைக் கைப்பேசியில் அழைத்தார், அவருக்குப் பேச்சு வரவில்லை. கைப்பேசியைத் தொலைக்காட்சியின் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று எல்லாருக்கும் பருத்திப்பால் இலவசம்.

பருத்திப்பாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கருப்பட்டி இனிப்பு அளவோடு, சுக்கும் ஏலமும் மணக்க, அடியில் பச்சரிசிக் கஞ்சியின் பதம் நாக்கில் தட்டும்படி இருக்கும். பதினொன்றரை மணிக்குள் தீர்ந்துவிடும் என்பதால் காலை ஆட்டத்தின் இடைவேளைக்குள் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. டீ நன்று. பஜ்ஜி சுமார், எண்ணெய் குடித்திருக்கும்.

2025 பருவத்துக்கும் பலகை தயாரானது. இறக்கப்பட்ட தோசு, சப்போரோ, இவாத்தா என்ற மூன்று பெயர்கள் போய், ஷிமிசு, யோகோஹாமா எஃப்சி, முதன்முறையாக முதல்நிலைக்கு வந்த ஒக்காயாமா ஆகியவை ஏறின. தொடக்க ஆட்டம் 2025 பிப்ரவரி 14, வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு, காம்பா ஒசாக்காவுக்கும் செரெஸோ ஒசாக்காவுக்கும் நடந்தது.  மூன்றரை மணி ஆட்டத்துக்குப் போகிறவர்கள் இடப்பக்க பெஞ்சில் உட்காருங்கள். அங்கே வெயில் கொஞ்சம் குறைவு.