புல்வெட்டிக்கு எந்த ஸ்பார்க் பிளக்? சாம்பியன், என்ஜிகே, நிக்கல், இரிடியம் ஒப்பீடு

புல்வெட்டியின் கயிற்றைப் பத்துத் தடவை இழுத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் கழற்றிப் பார்ப்பது ஸ்பார்க் பிளக்கைத்தான். கழற்றுவது ஐந்து நிமிட வேலை. அதற்குப் பதிலாக எதை வாங்குவது என்று கேட்டால்தான் ஆளுக்கொன்று சொல்வார்கள். 'பழைய இன்ஜினுக்குச் சாம்பியன்தான்' என்பார் ஒருவர். 'என்ஜிகே போட்டுப் பார், ஒரே இழுப்பில் ஓடும்' என்பார் இன்னொருவர். 'இரிடியம் போட்டால் மறுபடி அந்தப் பக்கமே போக வேண்டாம்' என்பார் மூன்றாமவர்.

மூன்றையும் நான் போட்டு ஓட்டியிருக்கிறேன். என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மேனுவலில் உள்ள எண்ணுக்குச் சரியாகப் பொருந்தும் சாதா நிக்கல் முனைப் பிளக், நடுக்கம்பிக்கும் பக்கவாட்டுக் கொம்புக்கும் நடுவே பொறி தாண்டும் இடைவெளியை (கேப்) அளந்து வைத்தது. அது எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

குட்டை மறை, நெட்டை மறை

புல்வெட்டி பிளக்குகளில் பெரும்பாலானவை 14 மி.மீ. விட்டம் கொண்டவை. அதனால் எதை எடுத்து எதில் வைத்தாலும் திருகினால் உள்ளே போய்விடும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் மறையின், அதாவது திருகுப் பள்ளங்கள் உள்ள பகுதியின், நீளம் ஒன்றல்ல.

வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கும் பழைய தட்டைத் தலை இன்ஜின்களுக்கு, குறிப்பாகப் பழைய பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இன்ஜின்களுக்கு, சாம்பியன் ஜே19எல்எம் அல்லது ஆர்ஜே19எல்எம் வரும். அதன் மறை 9.5 மி.மீ.தான். வால்வுகள் தலைக்குள்ளேயே, அதாவது சிலிண்டரின் மேல்மூடிக்குள்ளேயே, இருக்கும் ஓஎச்வி வகை பிரிக்ஸ் இன்ஜின்கள் பலவற்றுக்குச் சாம்பியன் ஆர்சி12ஒய்சி. ஹோண்டா ஜிசிவி160, ஜிஎக்ஸ்160 இரண்டுக்கும் என்ஜிகே பிபிஆர்6இஎஸ். இவற்றின் மறை 19 மி.மீ., அதாவது சரியாக இரண்டு மடங்கு.

குட்டை மறைத் தலையில் நெட்டைப் பிளக்கை ஏற்றினால் 9.5 மி.மீ. உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும். கயிற்றை இழுத்ததும் பிஸ்டனோ வால்வோ அதில் இடிக்கும், முனை நசுங்கும். அதோடு போனால் நல்ல காலம். மாற்றிச் செய்தால், அதாவது நெட்டைத் தலையில் குட்டைப் பிளக்கைப் போட்டால், உடனே எதுவும் தெரியாது. பொறி ஒரு பொந்துக்குள் விழும், இன்ஜின் மந்தமாக ஓடும். மூடப்படாத மறையில் கரி ஏறி இறுகும். பிறகு சரியான பிளக்கைத் திருகும்போது அது பாதியில் நின்றுவிடும். தலை அலுமினியம் என்பதால் பலம் கொடுத்துத் திருகினால் மறை போய்விடும். மறை போன தலையைச் சரிசெய்வது பிளக் மாற்றுகிற மாதிரி ஐந்து நிமிட வேலை இல்லை.

ஆகவே பழைய பிளக்கையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். வாஷர் முதல் மறை முடிவு வரை ஒரே உயரம் இருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ளே இருந்ததே தவறான பிளக்காகவும் இருக்கலாம் என்பதால் மேனுவல் எண்ணையும் பார்த்துக்கொள்வது நல்லது.

சாம்பியனா, என்ஜிகேயா?

தரத்தில் எனக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒன்றுக்கு நிகரான இன்னொன்று உண்டு. ஆர்ஜே19எல்எம்முக்கு என்ஜிகேயில் பிஆர்2எல்எம். ஆர்சி12ஒய்சிக்கு பிசிபிஆர்5இஎஸ். பிபிஆர்6இஎஸ்ஸுக்குச் சாம்பியனில் ஆர்என்9ஒய்சி, டென்சோவில் டபிள்யூ20இபிஆர்-யு. கிடைப்பதை வாங்கலாம்.

ஆனால் எண்ணைப் பார்த்துக் குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. சாம்பியனில் எண் ஏற ஏறச் சூடான பிளக். என்ஜிகேயில் எண் ஏற ஏறக் குளிர்ந்த பிளக். சாம்பியனில் 19 என்பது என்ஜிகேயில் 2 ஆவது இதனால்தான். போஷ் சாம்பியன் பக்கம், டென்சோ என்ஜிகே பக்கம். 'பெரிய எண், அப்போது நல்ல பிளக்' என்று நினைத்து வாங்கினால் கம்பெனிக்குக் கம்பெனி எதிர்த் திசையில் போய்விடுவீர்கள்.

சூடு, குளிர்ச்சி என்பது பொறியின் சூடு அல்ல. பிளக்கின் மூக்கு, அதாவது உள்ளே இருக்கும் வெள்ளைப் பீங்கான், தன் சூட்டை எவ்வளவு வேகமாகத் தலைக்குக் கடத்துகிறது என்பதுதான் அது. பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு தங்கும், குட்டையாக இருந்தால் சீக்கிரம் இறங்கும். முனை சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் மேலே படியும் கரி தானாக எரிந்து போகும். 870 டிகிரி வாக்கில் ஏறினால் பொறி வருவதற்கு முன்பே பெட்ரோல் கலவை பற்றிக்கொள்ளும். புல்வெட்டி பந்தய வண்டி மாதிரி உச்சத்தில் ஓடுவதில்லை. பாதி நேரம் லேசான சுமை, நடுநடுவே நிறுத்தம். அதற்குக் குளிர்ந்த பிளக்கைப் போட்டால் கரியை எரிக்கும் சூடே வராது. ஒரு மாதத்தில் கறுத்துவிடும்.

பிபிஆர்6இஎஸ் என்ற எழுத்துகளை ஒருமுறை பிரித்துப் படித்துவிட்டால் மற்ற என்ஜிகே பிளக்குகளும் பிடிபட்டுவிடும். பி என்பது 14 மி.மீ. மறையும் 20.8 மி.மீ. ஸ்பானர் அளவும். அடுத்த பி, முனை சற்று வெளியே நீட்டியிருப்பது. ஆர், உள்ளே மின்தடை இருப்பது. 6 வெப்ப எண். இ, 19 மி.மீ. மறை நீளம். எஸ், சாதா நடுக்கம்பி. ஆர்சி12ஒய்சிக்கு ஸ்பானர் அளவு 16 மி.மீ. என்பதையும் நினைவில் வையுங்கள். கையில் இருக்கும் பிளக் ஸ்பானர் இரண்டுக்கும் சேராது.

ஆர் வேண்டுமா?

பழைய பிளக்கில் ஆர் இருந்தால் புதியதிலும் இருக்கட்டும். அந்தச் சுமார் 5,000 ஓம் மின்தடை ரேடியோ இரைச்சலை அடக்குவதற்காக வைக்கப்பட்டது. மின்னணு இக்னிஷன் உள்ள இன்ஜின்களில் அதன் மின்சுற்றுக்கும் இரைச்சல் குறைவது நல்லது. பிரிக்ஸ் கம்பெனி 1982-ல் மேக்னெட்ரான் என்ற மின்னணு முறைக்கு மாறியது. அதற்கு முந்தைய, பாயிண்ட் (மின்சாரத்தைத் துண்டித்துப் பொறி உண்டாக்கும் தொடுமுனை) வைத்த இன்ஜின்களில் ஆர் இல்லாத பிளக் வரும். அதில் ஆர் உள்ளதைப் போட்டாலும் ஓடத்தான் செய்யும்.

இடைவெளி: என் கை பட்ட பாடம்

பிளக் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் கேப் சரியில்லை என்றால் பயனில்லை. இதை நான் ஒரு ஜிசிவி160 மெஷினில் கற்றுக்கொண்டேன். பழைய பிளக் தேய்ந்துவிட்டது, புதிது வாங்கினேன். பெட்டியில் பிபிஆர்6இஎஸ் என்று பார்த்ததும் போதும் என்று மாட்டிவிட்டேன். கயிறு இழுத்து இழுத்துத் தோள் வலித்ததே தவிர இன்ஜின் ஒரு இருமல்கூட இருமவில்லை. கார்பரேட்டரைச் சந்தேகப்பட்டேன், பெட்ரோலை மாற்றினேன். கடைசியில் பிளக்கைக் கழற்றிப் பெட்டியை மறுபடி படித்தபோதுதான் எண்ணுக்குப் பின்னால் ஒரு சின்னக் கோடும் 11-ம் இருந்ததைக் கவனித்தேன். அந்த 11-க்கு அர்த்தம், கேப் 1.1 மி.மீ. அது கார் இன்ஜின்களுக்காக வைத்த அளவு. ஜிசிவி160 கேட்பது 0.7 முதல் 0.8 வரை.

இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜில் 0.7 தகடு தாராளமாக ஆடிற்று. பக்கவாட்டுக் கொம்பை ஒரு மரத்துண்டின் மேல் மெதுவாகத் தட்டினேன். 0.7 தகடு நழுவி நுழைய வேண்டும், 0.8 லேசாகப் பிடிக்க வேண்டும். அந்த நிலை வந்ததும் மாட்டினேன். இரண்டாவது இழுப்பில் ஓடியது.

காரில் பேட்டரி இருக்கிறது. புல்வெட்டியில் இல்லை. ஃப்ளைவீலில் பதித்த காந்தம் காயிலைக் கடக்கும் வேகத்தில்தான் மின்சாரம் பிறக்கிறது. 1902-ல் போஷ் கம்பெனியில் காட்லோப் ஹோனால்ட் உருவாக்கிய உயர் மின்னழுத்த மேக்னெட்டோவின் அதே தத்துவம்தான் இன்றைக்கும். நம் கை இழுக்கும் வேகத்தில் அந்தக் காந்தம் மெதுவாகத்தான் சுற்றும், மின்னழுத்தம் குறைவாகத்தான் வரும். இடைவெளி கூடக் கூடப் பொறி தாண்டுவதற்கு அதிக மின்னழுத்தம் வேண்டும். 0.3 மி.மீ. கண்ணுக்குத் தெரியாத அளவு, ஆனால் கயிற்றை இழுக்கும் அந்த நொடியில் அதுதான் எல்லாம்.

பிரிக்ஸ் இன்ஜின்களில் பெரும்பாலும் 0.76 மி.மீ. அவர்களுடைய புதிய சின்ன இன்ஜின்கள் சிலவற்றுக்கு 0.51 மி.மீ.தான். பெட்டியில் 'கேப் வைக்கப்பட்டது' என்று அச்சடித்திருந்தாலும் அளந்துவிட்டே மாட்டுங்கள். அது யாருடைய இன்ஜினுக்காக வைத்தது என்று பெட்டி சொல்வதில்லை.

நிக்கலா, இரிடியமா?

இரிடியத்தின் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்கிறேன். நிக்கல் 1,455 டிகிரியில் உருகும். இரிடியம் 2,400 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதனால் நடுக்கம்பியை ஊசி மாதிரி மெலிதாக்க முடிகிறது. சாதா பிபிஆர்6இஎஸ்ஸில் நடுக்கம்பி 2.5 மி.மீ., அதே பிளக்கின் இரிடிய வடிவமான பிபிஆர்6இஐஎக்ஸில் 0.6 மி.மீ. கூர்மையான முனையிலிருந்து பொறி சுலபமாகத் தாவும், குறைந்த மின்னழுத்தமே போதும். காந்தம் பலவீனமான ஒரு பழைய மெஷினில் இதைப் போட்டுப் பார்த்தேன். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு ஓரிரு இழுப்பு குறைந்தது. அது உண்மை.

ஆனால் இரிடியத்துக்கு அதிகம் கொடுப்பது ஆயுளுக்காக, அது தேயாது என்பதற்காக. புல்வெட்டியில் பிளக் தேய்ந்து சாவது குறைவு. பொறி என்னவோ நிறைய விழுகிறது. ஃப்ளைவீல் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி, நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் மணிக்கு 1,80,000. அதில் பாதி, புகை வெளியேறும் நேரத்தில் வீணாக விழுவது. அப்படியும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஓட்டினால் வருடம் முழுக்க 50 மணி நேரம்தான். அந்த ஓட்டத்துக்கு நிக்கல் தாங்கும். பிளக்கைக் கொல்வது அழுக்கேறிய ஏர் ஃபில்டர், திறக்க மறந்த சோக், சிலிண்டருக்குள் இறங்கிய எண்ணெய். இவை நிக்கலையும் இரிடியத்தையும் ஒரே மாதிரிதான் கறுப்பாக்கும். கரி அப்பிய இரிடியத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவும் முடியாது, முனை உடையும். நாணயம் போன்ற கேஜை இடையில் சொருகித் திருப்பினாலும் உடையும்.

ஆகவே புது மெஷினுக்கு நிக்கல் போதும். வருடத்துக்கு ஒன்று மாற்றிவிடலாம். கயிறு இழுக்கத் தெம்பு குறைந்த வயதானவர்கள் ஓட்டும் மெஷின் என்றால் மட்டும் நான் இரிடியம் வாங்கித் தருவேன். அவர்களுக்கு அந்த இரண்டு இழுப்பு பெரிய விஷயம்.

இரண்டு, மூன்று, நான்கு கொம்பு வைத்த பிளக்குகளும் விற்கின்றன. பொறி ஒரு நேரத்தில் ஒரு கொம்புக்குத்தான் பாயும், எது அருகிலோ அதற்கு. கொம்பு கூடியதால் பொறி கூடுவதில்லை, கேப் சரிசெய்வதும் சிரமம். புல்வெட்டிக்கு வேண்டாம்.

பழையதைத் துடைத்துப் போடலாமா?

முதலில் பிளக் என்ன சொல்கிறது என்று பாருங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் இன்ஜின் ஆரோக்கியம், கேப் மட்டும் அளந்துவிட்டுத் திரும்ப மாட்டலாம். உலர்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, ஏர் ஃபில்டரையும் சோக்கையும் பார்க்க வேண்டும். பளபளவென்று ஈரக் கறுப்பாக இருந்தால் எண்ணெய். பிளேடில் ஒட்டிய புல்லைச் சுரண்டுவதற்காக மெஷினைத் தப்பான பக்கம் சாய்த்தால் இதுதான் நடக்கும். ஏர் ஃபில்டர் மேலே இருக்கும்படிதான் சாய்க்க வேண்டும். அதற்கும் முன்னால் பிளக் தொப்பியைக் கழற்றி ஒதுக்கி வைத்தே ஆக வேண்டும். பிளேடைக் கையால் அசைத்தால் இன்ஜினும் சுற்றும், ஓர் உதறலில் பற்றிக்கொள்ளவும் கூடும்.

முனை வெளுத்துக் கொப்புளம் கட்டியிருந்தால் சூடு மிஞ்சியிருக்கிறது. பீங்கானில் கீறல் தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், தூக்கிப் போடுங்கள். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வதையும் ஒதுக்கிவிடுங்கள். பீங்கான் இடுக்கில் மாட்டிய ஒரு மணல்துகள் சிலிண்டருக்குள் விழுந்தால் சுவரைக் கீறிவிடும். 100 மணி நேரமோ ஒரு வருடமோ ஆகியிருந்தால் நான் துடைப்பதில்லை, புதிதையே மாட்டுகிறேன்.

மாட்டும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். கழற்றுவதற்கு முன்பே சுற்றியிருக்கும் புல்தூசியை ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் அது துளைக்குள்தான் போகும். புதுப் பிளக்கை ஸ்பானர் இல்லாமல், விரலாலேயே கடைசி வரை திருகுங்கள். விரலுக்கு இணங்கி வராவிட்டால் மறை கோணலாக ஏறுகிறது, பின்னால் திருப்பி மறுபடி ஆரம்பியுங்கள். வாஷர் தலையில் உட்கார்ந்ததும் ஸ்பானரால் அரைச் சுற்று. ஏற்கெனவே ஓடிய பிளக் என்றால் வாஷர் நசுங்கியிருக்கும், அதனால் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். பிறகு தொப்பியை 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள்.