வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பின் அணியும் பெல்ட்: வாங்கலாமா, எதற்காக வாங்கலாம்?

கர்ப்பப்பையில் வளர்ந்த நார்க்கட்டிகளுக்காக அடிவயிற்றைத் திறந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட எனக்கு, வீடு திரும்பும்போது தந்த மருந்துச் சீட்டின் கடைசி வரியாக இருந்தது வயிற்றுப் பெல்ட். அகலமான எலாஸ்டிக் துணி, முன்பக்கம் ஒட்டிக்கொள்ள வெல்க்ரோ, முதுகுப்புறம் மடங்காமலிருக்கச் சில இடங்களில் மெல்லிய பட்டிகள். அவ்வளவுதான் இதன் அமைப்பு. எந்த சர்ஜிக்கல் கடையிலும் கிடைக்கிறது. நடுத்தரத் தயாரிப்புகளின் விலை பெரும்பாலும் 500 முதல் 1,000 ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. சிசேரியன், குடலிறக்கம், பித்தப்பை, கர்ப்பப்பை என்று வயிற்றில் கத்தி வைக்கும் எந்தச் சிகிச்சைக்குப் பிறகும் இதை வாங்கச் சொல்கிறார்கள். ஆனால் இது என்ன செய்யும், என்ன செய்யாது என்று பொறுமையாகச் சொல்பவர்கள் குறைவு. வாங்கலாம் என்பதே என் முடிவு. இது எந்த வலிக்கு உதவும், எந்தப் பயத்துக்கு உதவாது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும் என்பதற்காகவே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் வலியை ஒரே வலியாக எண்ணிக்கொண்டால் இந்தப் பெல்ட்டைப் பற்றிய தீர்ப்பு தவறாகிவிடும். அசையாமல் படுத்திருக்கும்போது உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும் வலி ஒன்று; எழும்போதும் இருமும்போதும் தும்மும்போதும் சிரிக்கும்போதும் சுரீரென்று பிடித்து இழுக்கும் வலி மற்றொன்று. முதலாவது, வெட்டுப்பட்ட திசு வீங்கி ஆறுவதால் வருவது. அதைக் குறைக்க வேண்டியது மருந்து. இரண்டாவது, வயிற்றுத் தசைகள் இறுகும்போது தையல் போட்ட இடம் இழுபடுவதால் வருவது. உடம்பை நிமிர்த்தும் எந்த அசைவும் வயிற்றுத் தசையின் உதவியின்றி நடப்பதில்லை என்பது, வயிற்றில் தையல் விழுந்த பிறகுதான் நமக்கு முழுமையாகப் புரிகிறது. பெல்ட் வெளியிலிருந்து தாங்கிக்கொள்வதால் அந்த இழுப்பு கணிசமாகக் குறைகிறது. இது உதவுவது இந்த இரண்டாவது வலிக்குத்தான்.

முதல் வாரத்தில் கட்டிலிலிருந்து எழுவதே நாளின் பெரிய வேலையாக இருந்தது. வார்டில் இருந்த சிஸ்டர் ஒருவர், "அம்மா, நேரா நிமிர்ந்து எந்திரிக்காதீங்க. முழங்காலை மடக்கி ஒருக்களிச்சுப் படுங்க, காலைக் கீழே விடுங்க, அப்புறம் முழங்கையை ஊன்றி எழுங்க" என்று சொல்லிக் கொடுத்ததை வீட்டிலும் அப்படியே பின்பற்றினேன். படுப்பதற்கு முன்பே பெல்ட்டை விரித்துப் படுக்கையின் மேல் போட்டுவிட்டு அதன் மேல் படுப்பேன். எழ வேண்டிய நேரத்தில் முழங்கால்களை மடக்கி, மூச்சை வெளியே விட்டு, அடிவயிற்றிலிருந்து மேல்நோக்கி இழுத்து வெல்க்ரோவை ஒட்டினால் போதும். படுத்தபடியே கட்டுவதுதான் முறை. உள்ளே இரண்டு விரல்கள் தடையில்லாமல் நுழைய வேண்டும். அப்படிக் கட்டிக்கொண்டு எழுந்தால், பிய்த்து இழுப்பது போன்ற அந்த வலி மங்கி, யாரோ உள்ளங்கையால் வயிற்றை அணைத்துப் பிடித்திருப்பது போன்ற அழுத்தமாக மாறுகிறது. கழிப்பறைக்குப் போய்வருவது, கூடத்தில் மெதுவாக நடப்பது, தையல் பிரிக்க ஆட்டோவில் போகும்போது வேகத்தடையைக் கடப்பது ஆகிய எல்லாவற்றிலும் பெல்ட் இருந்ததற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டை என்னால் தெளிவாக உணர முடிந்தது.

இருமலுக்கு மட்டும் பெல்ட் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு தலையணையையோ, நான்காக மடித்த துவாலையையோ தையலின் மேல் வைத்து இரு கைகளாலும் அழுத்திக்கொண்டு இருமினால் அதே பலன் கிடைக்கிறது. நுரையீரலில் சளி தங்காமலிருக்க மூன்று பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியைக் கொடுத்து, விழித்திருக்கும் நேரமெல்லாம் அவ்வப்போது இழுக்கச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பயிற்சியின்போது பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டால்தான் மூச்சு ஆழமாக இறங்கியது. வலிக்குப் பயந்து இருமலை அடக்குவதும் மேலோட்டமாக மூச்சு விடுவதும் நுரையீரல் தொற்றுக்கு வழிவிடும் என்பதால், பணம் செலவழிக்க இயலாதவர்கள் குறைந்தபட்சம் தலையணை முறையையாவது பழகிக்கொள்ள வேண்டும்.

இனி, பெல்ட் உதவாத இடங்கள். இரவில் படுத்திருக்கும்போது வரும் வலியை இது துளியும் குறைக்கவில்லை. அதற்கு, மருத்துவர் எழுதிய பாராசிட்டமாலை வலி வந்த பிறகு தேடி எடுக்காமல், கடிகாரத்தைப் பார்த்து நேரம் தவறாமல் போடுவதுதான் பலன் தந்தது. வலி உச்சத்துக்கு ஏறிய பிறகு போடும் மாத்திரை அதை இறக்க நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது. சளி மாத்திரைகள் பலவற்றிலும், டிரமடால் கலந்த சில வலி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருப்பதால், அட்டையின் பின்புறத்தைப் படிக்காமல் கூடுதலாக எதையும் போடக்கூடாது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கும் ஒரு நாளைக்கு 4 கிராமே உச்ச வரம்பு, கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கு அதுவும் அதிகம். டிரமடால் போன்ற மருந்துகள் மலத்தை இறுக்கிவிடும்; மலச்சிக்கலில் முக்குவது தையலுக்கும் கெடுதல், வலிக்கும் கெடுதல். எனவே வலி மாத்திரையோடு மலமிளக்கியும் வேண்டுமா என்று வீட்டுக்குக் கிளம்பும்போதே கேட்டுவிடுவது நல்லது. வயிறு உப்பிக் காற்றுப் பிரியாமல் தவிக்கும் நேரங்களில் பெல்ட் நிம்மதிக்குப் பதிலாக அவதியையே கூட்டியது. சாப்பிடும்போதும் சாப்பிட்டுச் சிறிது நேரம் வரையிலும், படுத்திருக்கும்போதும் அதைக் கழற்றிவிடுவதே சரி.

வலியைவிட என்னை அதிகம் வாட்டியது நிச்சயமின்மைதான். மருத்துவமனையில் இருக்கும்வரை ஒவ்வொரு குத்தலுக்கும் கேட்க ஆள் உண்டு. வீட்டுக்கு வந்த பிறகு, இது ஆறுவதன் வலியா, கெட்டுப்போவதன் வலியா என்று நடு இரவில் தனியாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. நேற்று நன்றாக நடந்தோம், இன்று ஏன் முடியவில்லை என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் மனம் சோர்ந்துபோகிறது. இந்தப் பயங்களில் ஒன்றைப் பெல்ட் உண்மையாகவே தீர்த்தது: எழுந்தால் தையல் பிரிந்துவிடுமோ என்ற பயம். வயிறு தாங்கப்படுகிறது என்ற உணர்வு வந்ததும் உடம்பைக் கூனிக் குறுக்கிக்கொண்டு நடப்பது குறைந்தது, நிமிர்ந்து நடந்தேன், நடந்ததால் காற்றும் பிரிந்தது. நான் கொடுத்த விலை இந்த ஒன்றுக்கே தகும்.

மற்றக் கேள்விகளுக்குப் பெல்ட்டிடம் விடையில்லை. இன்னும் சொல்லப்போனால், அது காயத்தை மூடி மறைத்துவிடுவதால் பார்க்க வேண்டியதைப் பார்க்காமலிருக்கவும் இடம் கொடுக்கிறது. என்னைப் போல அடிவயிற்றில் குறுக்குவாட்டில் தையல் உள்ளவர்களுக்கு, வயிற்றின் மடிப்பு அதன் மேல் விழுவதால் குனிந்து பார்த்தாலும் தெரியாது. தினமும் காலையில் சன்னல் வெளிச்சத்தில் படுத்து, பெல்ட்டைக் கழற்றி, கைக்கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துத் தையலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்ப்பேன். மடிப்பில் வியர்வை தேங்கியிருந்தால் சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, காற்றுப்பட விட்டுவிட்டு, பிறகே பெல்ட்டைக் கட்டுவேன். தையலுக்கு மேலே தோல் மரத்துப்போயிருப்பது, அரிப்பது, விரல் வைத்தால் வரிசையாகக் கெட்டியாகத் தட்டுப்படுவது இவையெல்லாம் பெரும்பாலும் ஆறுவதன் அடையாளங்களே என்றும், தோலின் நுண்ணிய நரம்பு இழைகள் அறுபட்டதால் வரும் மரப்பு மாதக்கணக்கில் நீடிக்கலாம் என்றும் மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தது பல இரவுகளின் பதற்றத்தைத் தவிர்த்தது.

அவர் சொன்னவற்றை ஒரு தாளில் எழுதி, பெல்ட் தொங்கும் ஆணியிலேயே மாட்டி வைத்திருந்தேன். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் காய்ச்சல், தையலைச் சுற்றிப் பரவும் சிவப்பு, சீழ் அல்லது நாற்றம், வயிறு உப்பிக் காற்றோ மலமோ பிரியாமல் வாந்தி எடுப்பது, ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல், நாப்கின் நனையும் அளவு இரத்தப்போக்கு, மாத்திரைக்குக் கட்டுப்படாமல் நாளுக்கு நாள் ஏறும் வலி: இவற்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. தையலிலிருந்து திடீரென்று இளஞ்சிவப்பு நீர் பெருகி வந்தால், உள்ளடுக்குத் தையல் விட்டுப்போனதன் அறிகுறியாக அது இருக்கலாம். பெல்ட்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு பொறுத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெல்ட் தயாரிப்பாளர்கள் அட்டைப்பெட்டிக்குள் இப்படி ஒரு தாளைத் தமிழில் அச்சிட்டு வைத்தால் எத்தனை பெண்களுக்கு உதவியாக இருக்கும் என்று பலமுறை நினைத்துக்கொண்டேன். எனக்குக் கிடைத்த பெட்டியில் இருந்ததோ அளவு அட்டவணையும் ஒல்லியான விளம்பர மாதிரியின் படமும் மட்டுமே.

அளவு விஷயத்தில்தான் என் கடுமையான குறை. கடைக்காரர் என் கணவரிடம், நான் அணியும் நைட்டி அளவைக் கேட்டே பெல்ட்டைக் கொடுத்தனுப்பிவிட்டார். இந்தப் பெல்ட்டுகள் தொப்புள் மட்டத்தில் வயிற்றின் சுற்றளவை டேப்பால் அளந்து வாங்க வேண்டியவை. அதுவும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வயிறு வீங்கியிருக்கும் என்பதால் பழைய அளவு உதவாது. முதலில் வந்த பெல்ட்டில் வெல்க்ரோவின் இரு முனைகளும் எட்டிப் பிடிக்கவே திணறின. பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று அவர்கள் சொன்னது சுகாதாரக் காரணத்தால் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அளக்காமல் விற்பது நியாயமில்லை. மருத்துவச் சாதனத்தை விற்பவர் ஒரு டேப்பை எடுத்துக் கொடுத்து, "அளந்து வந்து சொல்லுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். வேறு கடையில் வாங்கிய சரியான அளவே நான் பயன்படுத்தியது.

அகலத்தையும் பார்க்க வேண்டும். குள்ளமான உடல்வாகு உள்ளவர்களுக்கு மிக அகலமான பெல்ட் உட்கார்ந்ததும் விலா எலும்பில் இடிக்கும். குறுகலானது மேலே சுருண்டு ஏறி, தாங்க வேண்டிய அடிவயிற்றை விட்டுவிட்டு இடுப்பில் கயிறாக நிற்கும். குறுக்குத் தையல் உள்ளவர்களுக்குக் கீழ்விளிம்பு தையலைத் தாண்டி இடுப்பெலும்பின் மேல் அமர வேண்டும். விளிம்பு சரியாகத் தையலின் மேலேயே உரசினால் புண்ணாகிவிடும். ஒரே துண்டாக இருப்பதைவிட மூன்று பட்டைகளாகத் தைத்தது உட்காரும்போது உடம்போடு வளைந்துகொடுத்தது. திருச்சியின் சித்திரை வெயிலில் எலாஸ்டிக்கை நேராகத் தோலில் கட்டுவது நடக்காத காரியம். மெல்லிய பருத்தி உள்ளாடையின் மேல் கட்டியபோதும் மதியத்துக்குள் நனைந்துவிட்டது. துவைத்து நிழலில் காய வைக்க நேரமெடுப்பதால், வசதி உள்ளவர்கள் இரண்டு வாங்குவது நல்லது. வெல்க்ரோவில் நூலும் முடியும் சேர்ந்து பிடிமானம் குறைவதால், துவைக்கும்போது ஒட்டி மூடிவிட்டே துவைக்க வேண்டும்.

பிள்ளை பெற்றவளுக்குப் பழைய நூல் சேலையால் வயிற்றைக் கட்டும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. என் அத்தையும், "பச்சை உடம்பும்மா, நல்லா இறுக்கிக் கட்டு, இல்லாட்டி வயிறு தொங்கிடும்" என்று அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் பெல்ட் வயிற்றைக் கரைப்பதில்லை. பின்னாளில் தையல் இடத்தில் குடலிறக்கம் வராமல் இது தடுக்கும் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. சிசேரியனுக்கும் பிற வயிற்று அறுவை சிகிச்சைகளுக்கும் பிறகு நடத்திய ஆய்வுகளில் சில, வலி குறைவதையும் நடப்பது எளிதாவதையும் காட்டியுள்ளன. வேறு சில பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. அதனால்தான் மருத்துவர்களிடையே இதுபற்றி ஒரே கருத்து இல்லை.

பெல்ட் தரும் தைரியத்தைப் பாரம் தூக்கும் உரிமையாக எண்ணிக்கொள்வது ஆபத்தானது. வலி அடங்கிய பிறகும் திசு பலம் பெற்றிருப்பதில்லை; ஆறிய தழும்பு ஏறத்தாழ மூன்று மாதத்தில்தான் பழைய பலத்தின் 80 சதவீதத்தை எட்டுகிறது. எனக்கு ஆறு வாரங்களுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஒரு குடம் தண்ணீரே அதைத் தாண்டிவிடும், 14.2 கிலோ எரிவாயு கொண்ட சமையல் சிலிண்டர் உருளையின் எடையோடு சேர்ந்து 30 கிலோவை நெருங்கும். பெல்ட் கட்டியிருக்கிறாயே, நகர்த்தினால் என்ன என்று வீட்டில் யாரேனும் கேட்டால், முடியாது என்று சொல்லிவிட வேண்டும்.

நடக்கும்போது மட்டும், பிறகு வெளியே போகும்போது மட்டும் என்று மெல்ல மெல்லக் குறைத்து, மறுபரிசோதனையில் மருத்துவர் சொன்ன பிறகு நான் பெல்ட்டை முற்றிலும் விட்டேன். வயிற்றில் வடிகுழாய் உள்ளவர்களும், குடலை வெளியே திறந்து பை பொருத்தியவர்களும் சாதாரணப் பெல்ட்டை வாங்கக் கூடாது. அவர்களுக்கென்று துளையோடு தனியாகக் கிடைப்பதை அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் கேட்டே வாங்க வேண்டும். நுரையீரல் நோய் உள்ளவர்களும் அவரைக் கேட்காமல் இறுக்கிக் கட்டக் கூடாது. மற்றவர்கள், அறுவை சிகிச்சை முடிந்து வயிற்றை அளந்த பிறகு, எலாஸ்டிக் இழுத்துவிட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று கடையிலேயே பார்த்து, மூன்று பட்டை உள்ளதாக வாங்கிக்கொள்ளலாம்.