ஒழுகும் பள்ளிக்கூடம்: பெயின்ட் அடிப்பதா, தட்டோடு மாற்றுவதா, இடிப்பதா?

முப்பது நாற்பது வருடத்துக் கான்கிரீட் கட்டடம். மழைக்கு வகுப்பறை ஒழுகுகிறது, கூரையில் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிகிறது. தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட ஊராட்சிப் பள்ளிகள் நிறைய. மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முதலில் எழும் யோசனை வாட்டர்ப்ரூஃப் பெயின்ட். செலவு குறைவு, சில நாள் வேலை, பளிச்சென்று தெரிவதால் நன்கொடை தருபவருக்கும் திருப்தி. ஆனால் மாடியில் வாட்டம் (தண்ணீர் வடிவதற்கான சரிவு) சரியில்லாமல் தண்ணீர் தேங்கினால் அது சீக்கிரமே உரிந்துவிடும்.

மாடித் தளத்தில் பதித்திருக்கும் தட்டையான சுட்ட மண் ஓடுதான் தட்டோடு. பழைய தட்டோட்டைக் கொத்தி எடுத்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து வாட்டம் பிடித்து, மேலே புதிதாகத் தட்டோடு பதிப்பது இன்னொரு வழி. செலவு கூடும், சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆட்களும் குறைந்துவிட்டார்கள். இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். ஒழுகலும் நிற்கும், கீழே வெக்கையும் தணியும். பழையதை எடுக்காமல் அதன் மேலேயே போட்டால் மிச்சம் என்று சிலர் சொல்வார்கள். தளர்ந்த தளத்துக்கு அந்தப் பாரம் ஆகாது.

மாடிக்கு மேல் தகரக் கூரை போட்டால் ஒழுகல் உடனே நிற்கும், அடியில் இருக்கும் சேதம் அப்படியே இருக்கும்.

இதெல்லாம் கம்பி நன்றாக இருந்தால்தான். ஈரம் பட்டுத் துருப்பிடித்த கம்பி பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டை வெடிக்க வைக்கிறது. கூரையின் அடியைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தால் பொள்ளல் சத்தம் காட்டிக்கொடுக்கும். ஓரிரு இடம் என்றால் கொத்தி, துருவைத் தேய்த்து எடுத்துப் பூசலாம். பரவலாகக் கேட்டு, கம்பியும் மெலிந்திருந்தால் பொறியாளரை வரவழையுங்கள்; பெரும்பாலும் இடிக்கத்தான் சொல்வார்.

இடிப்பதில் பெரிய சிக்கல், அதுவரை பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள் என்பது. புதுக் கட்டடத்துக்கு நிதி ஒதுக்கிய ஆணை வருமுன் இடித்துவிட்டால், ஒரே அறையில் மூன்று வகுப்பு நடக்கும். அதற்காக ஆபத்தான அறையில் பாடம் நடத்த முடியாது. முதலில் பூட்டுங்கள், ஆணை வந்தபின் இடிக்கலாம். அப்புறம், வகுப்பறையோடு நின்றுவிடாதீர்கள். 2021 டிசம்பரில் நெல்லைப் பள்ளி ஒன்றில் மூன்று மாணவர்கள் உயிரிழந்தது கழிப்பறைச் சுவர் விழுந்துதான்.

தட்டோடு என்று முடிவானால் கோடை விடுமுறையிலேயே தொடங்குங்கள். சுண்ணாம்பு இறுக நாள் பிடிக்கும், ஐப்பசியில் அடைமழை வந்துவிடும்.